லூர்துமேரி டீச்சரும் ஐந்தாம் கற்பனையும்

எங்கள் பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தை ஒரு மூங்கில் தட்டி இரண்டாகப் பிரிக்கிறது. காலையில் முதல் மணி அடித்ததும் வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, பிள்ளைகள் தட்டிக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். மற்றப் பிள்ளைகள் இந்தப் பக்கம், என்னிடம். அங்கே ஞானோபதேசம், இங்கே நீதிபோதனை. அது முடிந்ததும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். கடவுளைப் பற்றிப் படிக்கத்தான் பிரிய வேண்டும், வாய்ப்பாட்டுக்கு ஒரே கூட்டம் போதும்.

நான் கடத்தூர்க்காரி, பெயர் அமுதவல்லி. எங்கள் குலசாமி முனியப்பன். சந்தியாகுபட்டி ஆர்.சி. தொடக்கப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது பூசை என்றால் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைப் பூசை ஒன்றுதான் எனக்குத் தெரியும். இப்போது பரலோக மந்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். காரணம் பக்தி இல்லை, தட்டி. தட்டி கண்ணைத்தான் மறைக்கும். அந்தப் பக்கம் லூர்துமேரி டீச்சர் கேள்வி கேட்பதும், பிள்ளைகள் ராகம் போட்டுப் பதில் சொல்வதும் இத்தனை வருடமாக என் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. நான் எழுத வந்தது அந்த லூர்துமேரி டீச்சரைப் பற்றித்தான். அவரை மகராசி என்று எழுத எனக்கு மனமில்லை. பாவி என்று எழுதவும் கை வரவில்லை.

டீச்சர் பிறந்தது அதே ஊரில். அவருடைய அப்பா கோயிலில் உபதேசியார். சாமியார், அதாவது பாதிரியார், வராத நாட்களில் செபம் நடத்துவது, மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லித் தருவது எல்லாம் அவர் வேலை. மற்ற நேரம் மரவள்ளிக் காட்டில் கிடப்பார். டீச்சரின் அம்மா, தம்பி ஜேக்கப்பைப் பெற்றுப் போட்டுவிட்டுச் சில நாளில் போய்ச் சேர்ந்தார். அக்காதான் தம்பிக்கு அம்மா. இடுப்பில் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டே பாடம் படித்ததாக ஊரில் சொல்வார்கள். கன்னியர் மடத்தில் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. தம்பியை யாரிடம் விடுவது? கல்யாணம் பேசி வந்தவர்களிடமும் அதே கேள்விதான் வந்து நின்றது. கடைசியில் மடமும் இல்லை, மணமும் இல்லை என்றாகி, ஆசிரியப் பயிற்சி முடித்து, தான் படித்த பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக வந்தார்.

நல்ல டீச்சர். இதை நான் சொல்லியே ஆக வேண்டும். சத்துணவுச் சாம்பார் நீர்த்துப்போயிருந்தால் சமையலறைக்கே போய்ச் சண்டை பிடிப்பார். தலையில் பேன் ஊறும் பெண் பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு அவரே ஈர் உருவுவார். அது வேதக்காரப் பிள்ளையா, முனியப்பன் பிள்ளையா என்று பார்க்க மாட்டார். ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் சாயங்காலம் அதன் வீட்டு வாசலில் நிற்பார். யாரையும் அடித்ததில்லை. அவர் கையில் பிரம்பு கிடையாது, பிரம்புக்குப் பதிலாக நரகம் இருந்தது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஈஸ்டர் முடிந்ததும் புதுநன்மை வாங்குவார்கள். அதாவது, கோயிலில் முதல் முறையாக நற்கருணை அப்பம் வாங்குவது. வெள்ளை உடுப்பு, தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி என்று அன்றைக்கு ஊரே கல்யாண வீடு மாதிரி இருக்கும். அதற்கு முன்னால் பத்துக் கற்பனைகளும், அதாவது ஆண்டவர் கொடுத்த பத்துக் கட்டளைகளும், மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். ஐந்தாம் கற்பனை வரும்போது தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தம் ஏறும்.

“ஐந்தாம் கற்பனை என்ன?”

“கொலை செய்யாதே!”

“யாரைக் கொல்லக் கூடாது?”

“பிறரையும் கொல்லக் கூடாது, தன்னையும் கொல்லக் கூடாது!”

“தன்னைத் தானே கொன்றவனுக்கு என்ன உண்டு?”

“மோட்சமும் இல்லை, மந்திரித்த மண்ணும் இல்லை!”

மந்திரித்த மண் என்பது ஊருக்கு மேற்கே இருக்கும் கல்லறைத் தோட்டம். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த இடம், சுற்றிலும் கிளுவை வேலி. வேலிக்கு வெளியே கல்லும் முள்ளுமாக ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. ஞானஸ்நானம் வாங்காமல் செத்துப்போன சிசுக்களையும், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவர்களையும் அங்கே வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அந்தக் கடைசிக் கேள்வியும் அந்தக் காலத்ததுதான். அது டீச்சரின் அப்பா சொல்லிக் கொடுத்தது, இப்போதைய ஞானோபதேசப் புத்தகத்தில் கிடையாது. திருச்சபை அதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டது என்று பின்னால் வந்த சாமியார்கள் ஒவ்வொருவரும் சொல்லிப் பார்த்தார்கள். டீச்சர் விடவில்லை.

நானும் ஒரு தடவை கேட்டேன். “ஏக்கா, பச்சைப் புள்ளைங்களுக்குப் போயி இதெல்லாம் எதுக்கு?”

“நம்ம பக்கத்துல மழை பொய்க்கறதும் மனசு ஒடையறதும் புதுசா அமுதா? நாளைக்கு இதுங்களுக்கு ஒரு கெட்ட நேரம் வரும். அந்த நேரத்துல பக்கத்துல நான் இருப்பனா, நீ இருப்பியா? இந்தப் பதில் ஒண்ணுதான் இருக்கும். பயந்துக்கிட்டாவது உசுரோட கெடக்கட்டும்.”

அவர் மனதில் கொடுமை இல்லை என்பது தெரிந்தது. அதனால்தான் அவரோடு சண்டை போட முடியவில்லை.

நான் வேலைக்கு வந்த புதிதில் ராயம்மாளின் மகள் விமலா இறந்தாள். ராயம்மாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குடியிருக்கும் விதவை, புளி தட்டும் வேலைக்குப் போகிறவர். ஒரே மகள். டீச்சரிடம் படித்தவள். என்ன வேதனையோ, தன் முடிவைத் தானே தேடிக்கொண்டாள். அப்போதிருந்த சாமியார் வயதானவர், இளகிய மனதுக்காரர். உள்ளேயே வைத்துவிடலாம் என்றார். கோயில் வாசலில் கூடியிருந்த கூட்டத்தில் லூர்துமேரி டீச்சர் எழுந்து நின்றார்.

“சாமி, புள்ளைங்கெல்லாம் பாத்துக்கிட்டு நிக்குதுங்க. நாளைக்கு நான் என்னன்னு சொல்லிக் குடுக்கட்டும்?”

சாமியார் விட்டுக்கொடுத்தார். விமலாவை வேலிக்கு வெளியே வைத்தார்கள். கோயிலில் துக்க மணி அடிக்கவில்லை. மறுநாள் டீச்சர் முகம் வீங்கிப்போய் வந்தார். இரவெல்லாம் அழுதிருக்கிறார். அந்த முகத்தோடேயே அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

ராயம்மாள் அவரோடு பேச்சை நிறுத்துவார் என்று நினைத்தேன். இல்லை. வழியில் பார்த்தால் “தோத்திரம் டீச்சர்” என்பார். “நல்லாருக்கியா ராயம்மா” என்று இவரும் கேட்பார். டீச்சர் சொன்னது சரி என்று ராயம்மாள் நம்பினார். ஊரே நம்பியது.

இனி ஜேக்கப். அவனும் அக்காவிடம் படித்தவன்தான். ஞானோபதேசப் போட்டியில் ஒரு கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொல்லிக் கோப்பை வாங்கினான். அந்தக் கோப்பை இன்றைக்கும் டீச்சர் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். சுசித்ராவைக் கட்டினான், பிளசி பிறந்தாள். பிளசி எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு வந்த வருடம், வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். தூக்கமில்லை, பேச்சில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

தர்மபுரியில் டாக்டரிடம் காட்டினார்கள். இது மனச்சோர்வு, மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும், ஆளைத் தனியாக விடக் கூடாது என்றார் டாக்டர். மாத்திரை கேட்டது. பிளசியை வண்டியில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுவந்து விட ஆரம்பித்தான். வாசலில் என்னைப் பார்த்து, “நல்லாருக்கீங்களா டீச்சர்?” என்று சிரித்தான். நன்றாகிவிட்டதே என்று மாத்திரையை விட்டுவிட்டான்.

அடுத்த வருடம், பிளசி மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகு, ஆடி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் சுசித்ரா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். நானும் டீச்சரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“அண்ணி, மறுபடியும் அதே மாதிரி செவுத்தையே பாக்கறாருங்க. எனக்குப் பயமா இருக்குது. ஒரு வாரம் எங்க வூட்டுல வந்து இருங்கண்ணி. நான் ஒருத்தி எத்தனை நேரந்தான் முழிச்சுக்கிட்டு இருப்பேன்?”

டீச்சர் எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து அவள் கண்ணைத் துடைத்தார். “சனிக்கெழம டாக்டருகிட்டப் போலாம். அது வரைக்கும் கண்டதை நெனச்சுப் பயப்படாத. வேற யாரா இருந்தாலும் நானும் பயப்படுவேன் சுசித்ரா. இவன் என்கிட்டப் படிச்சவன். அஞ்சாம் கற்பனை அவன் ரத்தத்துல ஊறிக் கெடக்குது.”

சனிக்கிழமை வருவதற்குள் ஜேக்கப் போய்விட்டான். எப்படி என்று எழுத மாட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அது பேச வேண்டியதை எல்லாம் பேசித் தீர்த்துவிட்டது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தத் தவறை டீச்சரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். எழுத்து வாசனையே இல்லாத அக்காவாக இருந்திருந்தால், அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு போய்த் தம்பி காலடியில் படுத்திருப்பாள். டீச்சர் தம்பிக்குப் பாடத்தைக் காவல் வைத்துவிட்டுப் பிற்பகல் வகுப்புக்குப் போனார்.

துக்கத்துக்கு நானும் போயிருந்தேன். உடலை வாசலில் பந்தலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். சாமியார் வந்து நின்றார். இளவயதுக்காரர், ஊருக்குப் புதியவர்.

“கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை வைப்போம். மணி அடிக்கட்டும். தோட்டத்துக்கு உள்ளேயே அடக்கம் பண்ணுவோம். நோய் வந்து செத்தவர் அவர். திருச்சபை அவரைத் தள்ளவில்லை” என்றார்.

ஊர்த்தலைவர் சவுரியப்பன் முன்னால் வந்தார். அவரும் டீச்சரின் பழைய மாணவர்தான். கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார்.

“சாமி, நீங்க இன்னைக்கு வந்தவங்க, நாளைக்கு மாத்தலாகிப் போயிருவீங்க. நாங்க இங்கயே கெடக்கறவங்க. எங்களுக்கு டீச்சரு சொல்லிக் குடுத்திருக்காங்க.”

பின்னால் யாரோ மெல்லச் சொன்னார்கள்: “மோட்சமும் இல்லை...” கூட்டத்தில் பாதிப் பேருடைய உதடு தானாக அசைந்தது. அதே ராகம். மீசை நரைத்தவர்களும் பேரன் எடுத்தவர்களும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி முணுமுணுத்ததை நான் கேட்டேன். இளமையில் கல்வி சிலையில் எழுத்து என்று பெருமையாகச் சொல்கிறோம். எழுதினவரே வந்தாலும் அதை அழிக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாமியார் சொல்லைத் தட்டுகிற ஊர் அது, டீச்சர் சொல்லைத் தட்டாது. சுசித்ரா அவர் காலைக் கட்டிக்கொண்டாள். “சொல்லுங்கண்ணி. உங்க தம்பிங்கண்ணி. நீங்க தூக்கி வளத்த புள்ளைங்க.” பிளசி அம்மாவின் முதுகில் ஒட்டிக்கொண்டு அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சரின் கண் கூட்டத்தில் யாரையோ தேடியது. வேப்பமரத்தடியில் முக்காடு போட்டுக்கொண்டு ராயம்மாள் நின்றிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ராயம்மாள் தலையைக் குனியவில்லை.

“வேலிக்கு வெளியவே வெச்சிருங்க” என்றார் டீச்சர். “விமலா பக்கத்துல.”

எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. கடத்தூர் பஸ்ஸில் வரும்போதுதான் புரிந்தது. ஊரார் பிள்ளைக்கு ஒரு நியாயம், தன் தம்பிக்கு ஒரு நியாயம் என்று அவரால் கேட்க முடியவில்லை. நேர்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்த நேர்மைக்குப் பலி கொடுத்தது மட்டும் ஒரு சிறு பிள்ளையை.

அன்றிலிருந்து பிளசி அவரை அத்தை என்று கூப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் போல டீச்சர் என்பாள். வீட்டிலும் டீச்சர் என்றே கூப்பிடுகிறாள் என்று சுசித்ரா என்னிடம் சொன்னாள். டீச்சரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தலை பின்னிவிட வந்தால் பிளசி எழுந்து போய்விடுவாளாம்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அன்றைக்கு வேதக்காரர்கள் தங்கள் வீட்டுக் கல்லறைகளைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுதிரி ஏற்றுவார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனதால் நானும் இருந்தேன். வேலிக்கு உள்ளே டீச்சர் தன் அப்பா அம்மா கல்லறைக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். வேலிக்கு வெளியே சுசித்ராவும் பிளசியும் மண்மேட்டில் மெழுகுதிரியை நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் காற்றுக்கு மறைப்பு இல்லை. ஏற்ற ஏற்ற அணைந்தது. பிளசி கடைசியில் அதை மண்ணில் படுக்க வைத்து, மேலே கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடிவிட்டாள். இருட்டாக இருந்தாலும் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. டீச்சர் செபத்தைப் பாதியில் விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் செபத்தை விட்டு நான் பார்த்ததில்லை.

பொங்கல் முடிந்து ஒரு நாள், தட்டிக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் கற்பனை வந்தது. எனக்கு இந்தப் பக்கம் வாய் ஓடவில்லை. பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்தேன். முதல் கேள்வி கேட்டார், பதில் வந்தது. இரண்டாவது கேட்டார், பதில் வந்தது. அதோடு நிறுத்திவிட்டார். மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவே இல்லை. கேள்வி நின்றால் ராகம் நிற்குமா? அண்ணன் அக்காளிடம் வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் தாமாகவே முடித்தார்கள். “மோட்சமும் இல்லை, மந்திரித்த மண்ணும் இல்லை!”

“நிறுத்துங்க!” டீச்சர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “அது தப்புப் பதில். இனிமே யாரும் அதைச் சொல்லக் கூடாது. மனசுல நோவு வந்து செத்தவங்களை ஆண்டவரு தள்ள மாட்டாரு, கையில ஏந்திக்குவாரு. நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்.”

பிளசியின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“அது தப்புன்னா எங்கப்பாவை ஏன் டீச்சர் வெளிய வெச்சீங்க?”

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் ஊர்க்கூட்டம் இருந்தது. “நீ கூட வா அமுதா” என்று டீச்சர் கேட்டார். யாரையும் எதற்கும் துணைக்குக் கூப்பிடாதவர் கேட்கிறாரே என்று போனேன். கோயில் வாசலில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று, தான் சொல்லிக் கொடுத்தது தவறு என்றார். கிளுவை வேலியை நகர்த்தி நட்டு, ஜேக்கப்பையும் விமலாவையும் உள்ளே சேர்க்க வேண்டும் என்றார். அந்த இடத்தை அன்றைக்கே மந்திரித்துத் தருவதாகச் சாமியார் சொன்னார்.

சவுரியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். உங்க தம்பின்னு வந்ததும் பாடம் மாறுதுங்களா? எம்புள்ளைங்க கேட்டா நான் என்னன்னு சொல்லிக் குடுக்கட்டும்?”

இந்தக் கேள்வியை டீச்சர் இதே இடத்தில் ஒரு கிழட்டுச் சாமியாரிடம் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும். பெண்கள் பக்கம் திரும்பினார்.

“ராயம்மா, விமலாவுக்கும் சேத்துத்தான் கேக்கறேன். நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா இவங்க கேப்பாங்க.”

ராயம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. சத்தம் போடவும் இல்லை.

“அன்னைக்கு இதைச் சொல்லியிருந்தா உங்க காலைத் தொட்டுக் கும்புட்டிருப்பேன் டீச்சர். எம்மவ நரகத்துல வேவறா, வேவறான்னு நெனச்சுக்கிட்டேதான் இத்தனை வருசமும் கஞ்சி குடிச்சேன். அவ பேருக்கு ஒரு பூசை வெக்கல. கல்லறைத் திருநாளுக்கு ஒரு முழம் பூ வெக்கல. வெச்சாலும் அவளுக்குப் போய்ச் சேராதுன்னு வுட்டுட்டேன். இப்ப அவ அங்க இல்லேங்கறீங்க. அப்ப நான் எதுக்கு எரிஞ்சேன்? அந்த வேலி இருக்கற எடத்துலயே இருக்கட்டும். அதைப் புடுங்குனா எனக்குப் புத்தி பேதலிச்சுப் போயிரும்.”

கூட்டம் கலைந்தது. வேலி இருந்த இடத்திலேயே இருந்தது. டீச்சர் அந்த வாசல்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க வெகு நேரம் ஆயிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆறுதலாக ஒரு பொய்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஈஸ்டர் நெருங்கியது. சுசித்ரா மகளுக்கு வெள்ளைக் கவுன் தைத்து வைத்திருந்தாள். ஒரு நாள் காலையில் முதல் மணி அடித்ததும் பிளசி பையைத் தூக்கிக்கொண்டு தட்டிக்கு இந்தப் பக்கம் வந்து, என் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். டீச்சர் தட்டி ஓரத்தில் வந்து நின்றார்.

“பிளசி, இந்தாண்ட வா சாமி. புதுநன்மைக்கு நாள் நெருங்கிருச்சு.”

“எனக்குப் புதுநன்மை வேண்டாங்க டீச்சர்.”

“ஏங் கண்ணு?”

“அதை வாங்கிட்டு நல்ல புள்ளையா இருந்தா மோட்சத்துக்குப் போயிருவோம்னு சொன்னீங்க. அங்க எங்கப்பா இருக்க மாட்டாரு. எனக்கு வேண்டாம்.”

டீச்சர் தட்டியைப் பிடித்துக்கொண்டார். “இருப்பாரு சாமி. அப்பா அங்கதான் இருக்காரு. நான் அன்னைக்கே சொன்னேனே, அது தப்புப் பாடம்னு.”

“அது எனக்காகச் சொல்றீங்க” என்றாள் பிளசி. “முன்னாடி ராயம்மா ஆயாவுக்குச் சொன்னதுதான் நெசம்.”

யார் சொல்லியும் அவள் கேட்கவில்லை. சாமியார் வீட்டுக்கே வந்து சொல்லிப் பார்த்தார். சுசித்ரா அடித்தும் பார்த்தாள். புதுநன்மை அன்றைக்கு மற்றப் பிள்ளைகள் பூமுடியோடு வரிசையில் போனார்கள். டீச்சர்தான் ஒவ்வொரு பிள்ளையின் மெழுகுதிரியையும் பற்ற வைத்தாராம். நற்கருணை வாங்க அவர் எழுந்து போகவில்லை என்றும், கடைசி வரைக்கும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார் என்றும் சவுரியப்பனே என்னிடம் சொன்னார். பிளசியின் வெள்ளைக் கவுன் மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருக்கிறது.

மறுநாள் திங்கட்கிழமை. மணி அடித்தது. அந்தப் பக்கம் டீச்சரின் கேள்விகள் ஆரம்பித்தன. இந்தப் பக்கம் நான் பிள்ளைகளுக்கு எழுதக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். பிளசி எழுந்து என் மேசைக்கு வந்தாள். முகத்தில் ஏதோ யோசனை.

“டீச்சர், உங்களுக்கு ஞானஸ்நானம் குடுக்கல இல்லீங்களா?”

“இல்ல கண்ணு.”

“அப்ப நீங்களும் மோட்சத்துக்குப் போவ மாட்டீங்க.”

வேறு நாளாக இருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அன்றைக்கு வரவில்லை. “போவ மாட்டேன்னுதான் நெனைக்கறேன்” என்றேன்.

ஆடி மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் அப்போதுதான் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அங்க போனா எங்கப்பாவைத் தேடிப் பாருங்க டீச்சர். அவரைத் தனியா வுட்றாதீங்க. தனியா வுட்டா செவுத்தையே பாத்துக்கிட்டு இருப்பாரு.”

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் கேள்வி பாதியில் நின்றுவிட்டது.

“சரி கண்ணு” என்றேன். “நான் பாத்துக்கறேன்.”